வறண்ட மாதங்களில் ஆமைக் கூண்டின் ஈரப்பதம்: முதலில் மூடியைப் பாருங்கள்

கேள்வி இது. ஒன்றரை வயது சுல்காட்டா ஆமை ஒன்று, கம்பிவலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டியில் வளர்கிறது. மேலிருந்து 100 வாட் விளக்கு வெப்பம் தருகிறது. வறண்ட மாதங்கள் தொடங்கியதிலிருந்து ஈரப்பதமானி 28 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. நாளுக்கு நான்கு முறை தண்ணீர் தெளித்தாலும் அரை மணி நேரத்தில் பழைய அளவுக்கே இறங்கிவிடுகிறது. ஓட்டில் சிறு மேடுகள் தெரியத் தொடங்கியிருக்கின்றன. இன்னும் எத்தனை முறை தெளிக்க வேண்டும்?

நான்கைப் பத்தாக்கினாலும் இது சரியாகாது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலை அது. எவ்வளவு ஊற்றுகிறோம் என்ற கணக்கைச் சற்று ஒதுக்கிவைத்து, எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள். உங்கள் தொட்டியில் அந்த ஓட்டை கண்ணுக்கு நேராகவே இருக்கிறது. மேலே உள்ள கம்பிவலைதான் அது.

முதலில் காற்று ஏன் இவ்வளவு வறண்டுபோகிறது என்று புரிந்துகொள்வோம். ஈரப்பதமானி காட்டும் சதவீதம், காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதை நேரடியாகச் சொல்வதில்லை. அந்த வெப்பநிலையில் காற்றால் தாங்கக்கூடிய அளவில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதையே சொல்கிறது. குளிர்ந்த காற்று கொஞ்சம் நீராவியைத்தான் தாங்கும்; சூடான காற்று நிறையத் தாங்கும். வெளியே 10 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கு ஈரமான காற்றாகத் தெரியும். அதே காற்று ஆமையின் தொட்டிக்குள் வந்து 30 டிகிரிக்குச் சூடாகும்போது, ஒரு சொட்டு நீரும் குறையாமலேயே அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 23 சதவீதமாகிவிடும். அறையில் ஹீட்டர் ஓடினால் இதுதான் நடக்கிறது. வெயில் காலத்தில் ஏர்கண்டிஷனர் ஓடினால் அது காற்றிலுள்ள நீரையே பிழிந்து வெளியேற்றிவிடுகிறது. எப்படிப் பார்த்தாலும் ஆமைக்கு வந்து சேர்வது காய்ந்த காற்றுதான்.

இதற்கு மேல் விளக்கு வேறு. விளக்கின் அடியில் சூடான காற்று மேலெழுந்து வலை வழியாக வெளியேறுகிறது. அது போன இடத்தை நிரப்ப அறையின் காய்ந்த காற்று உள்ளே இறங்குகிறது. தொட்டி முழுவதும் ஒரு புகைபோக்கியாக மாறி, நாள் முழுக்க இந்த ஓட்டம் நிற்பதே இல்லை. நீங்கள் தெளித்த தண்ணீர் அரை மணி நேரம் தாங்கியதே பெரிது.

சுல்காட்டா சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பில் வாழும் ஆமை ஆயிற்றே, அதற்கு எதற்கு ஈரம் என்று பலர் கேட்பார்கள். இந்த ஒரு எண்ணத்தால் கெட்டுப்போன ஓடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் மனத்தை வருத்தியது. வறண்ட நிலத்தில் வாழும் ஆமை, நிலத்தின் மேற்பரப்பிலுள்ள வறட்சியில் வாழ்வதில்லை. அது மண்ணுக்குள் வளை தோண்டி இறங்கிவிடுகிறது. வட அமெரிக்காவின் பாலைவன ஆமை தன் வாழ்நாளின் பெரும்பகுதியை வளைக்குள்ளேயே கழிக்கிறது. வளைக்குள் இருக்கும் காற்று மேலே இருப்பதைவிட வெகுவாக ஈரமானது. வெப்பநிலையும் அதிகம் ஏறி இறங்காது. குஞ்சுகளோ புல்லின் வேரடியிலும் ஈரமண்ணிலும் புதைந்து கிடக்கும். பாலைவனத்தின் பெயரைச் சொல்லிக் காய்ந்த தரையில், விளக்கின் கீழ் நாள் முழுவதும் விட்டால், எந்தக் காட்டு ஆமையும் அனுபவிக்காத வறட்சியை நாம் அதற்குக் கொடுக்கிறோம்.

2003-இல் வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 50 சுல்காட்டா குஞ்சுகளை ஐந்து மாதங்கள் வளர்த்துப் பார்த்தார்கள். வெவ்வேறு ஈரப்பதம், வெவ்வேறு அளவில் புரதம். ஈரப்பதம் 24 முதல் 58 சதவீதம் வரை இருந்த குழுவின் ஓடுகளில் மேடுகள் உயரமாக எழும்பின. 45 முதல் 99 சதவீதம் வரை இருந்த குழுவில் ஓடு மிகவும் சமமாக வளர்ந்தது. அதுவரை எல்லோரும் பழி சுமத்திவந்த புரதத்துக்கு இதில் சிறிய பங்குதான் இருந்தது. ஓடு கூம்பு கூம்பாகப் புடைப்பதற்குத் தீனி மட்டுமே காரணம் என்று இன்றும் சொல்பவர்கள் இந்த முடிவைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்புச்சத்தும் புற ஊதா ஒளியும் இல்லாவிட்டால் ஓடு மெலிந்து வளையும். அது வேறு நோய், அதற்கு வேறு வைத்தியம்.

ஓட்டின் மேல்தகடுகள் நம் நகம் போன்ற கெரட்டினால் ஆனவை. ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் புதிய வளர்ச்சி சேர்ந்துகொண்டே போகிறது. தகடுகளுக்கு இடையே வெண்மையான மெல்லிய கோடாகத் தெரிவது அதுதான். அந்தக் கோடு ஈரமாக, இளக்கமாக இருந்தால் பக்கவாட்டில் பரவும். உருவான உடனேயே விளக்குச் சூட்டில் காய்ந்து இறுகினால் பக்கவாட்டில் பரவ இடமின்றிக் கீழ்நோக்கி மடங்குகிறது. தகட்டின் நடுப்பகுதி மேலெழுந்து நிற்கிறது. அந்தக் கோடு காயாமல் இருப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு அத்தனையும்.

இனி மூடி. வலையின் முக்கால் பங்கையாவது மூடிவிடுங்கள். அக்ரிலிக் தகடோ பாலிகார்பனேட் தகடோ வெட்டிப் போடலாம். அவசரத்துக்கு அலுமினியத் தாளும் போதும். விளக்கைச் சுற்றிப் போதிய இடைவெளி விடுங்கள். சூடான விளக்குக் கூடு பிளாஸ்டிக்கைத் தொட்டால் உருகும், தீப்பிடிக்கவும் கூடும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். சாதாரணக் கண்ணாடியும் பெரும்பாலான பிளாஸ்டிக் தகடுகளும் ஆமைக்கு வேண்டிய புற ஊதா ஒளியைத் தடுத்துவிடும். ஆகவே புற ஊதாக் குழல்விளக்கு மூடிக்கு மேலே இருந்தால் அதைத் தொட்டிக்குள் மாட்டிவிடுங்கள்.

இதைவிடச் சிறந்த வழி, விளக்குகள் எல்லாம் உள்ளேயே அமைந்த, முன்பக்கம் கதவு திறக்கும் மூடிய பெட்டி. வெப்பம் உள்ளேயே தங்கும், ஈரமும் தங்கும். இப்படி ஒரு பெட்டிக்கு மாறிய பிறகு நான் தெளிப்பானை எடுப்பதே அரிதாகிவிட்டது. மூச்சு முட்டாதா என்று பயப்பட வேண்டியதில்லை. தினமும் தீனி வைக்கக் கதவைத் திறப்பதும், கதவின் விளிம்புகளில் இயல்பாகவே இருக்கும் இடுக்குகளும் ஒரு ஆமைக்கு வேண்டிய காற்றைத் தந்துவிடும். மரப்பெட்டியாக இருந்தால் உள்பக்கம் நீர் புகாத வண்ணப்பூச்சு அடித்து, மூலைகளைச் சிலிக்கோனால் அடைத்து, வாடை முழுவதும் போன பிறகே ஆமையை விடுங்கள்.

மூடியை அடைத்த அன்றே வெப்பநிலை ஏறும். வலை வழியாக வீணாகிக்கொண்டிருந்த சூடு இப்போது உள்ளேயே நிற்கும் அல்லவா? வெப்பநிலையைத் தானாகவே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இந்த மாற்றத்தைச் செய்யவே செய்யாதீர்கள். 100 வாட் விளக்கை 60 அல்லது 50 வாட்டுக்குக் குறைக்க வேண்டிவரலாம். முதல் இரண்டு நாள் நீங்கள் வீட்டில் இருக்கும்போது மாற்றிப் பாருங்கள். நீங்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் மூடிய தொட்டி 45 டிகிரிக்குப் போனால் ஆமைக்கு ஓடி ஒளிய இடமில்லை.

அடுத்தது தரை. வெகுநேரம் ஈரத்தைச் சேர்த்துவைத்து மெல்ல மெல்ல வெளிவிடும் கிடங்கு அதுதான். செய்தித்தாள், அழுத்திய வைக்கோல் குச்சிகள், வெறும் மணல் எதுவும் இதற்கு உதவாது. தென்னை நார்த்தூள், ஆர்க்கிட் செடிக்குப் போடும் மரப்பட்டைத் துண்டுகள், உரமோ பூச்சிமருந்தோ கலக்காத தோட்டமண் ஆகியவற்றை நம்பலாம். நார்த்தூளை அடியிலும் மரப்பட்டையை மேலேயும் பரப்புவது என் வழக்கம். நார்த்தூள் நீரைப் பிடித்துக்கொள்ளும்; மேலே உள்ள பட்டை ஆமையின் வயிற்றோட்டைச் சேறாகாமல் காக்கும். தேவதாரு, பைன் சீவல்களின் வாசனை எண்ணெய் ஆமைக்கு ஆகாது. ஆழம் குறைந்தது 10 சென்டிமீட்டர் இருக்கட்டும். இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பிவிட்டு ஈரம் நிற்கவில்லையே என்று வருந்திப் பயனில்லை.

தண்ணீரைத் தரைமேல் தெளிக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரை ஒரு குவளையில் எடுத்து, தொட்டியின் நான்கு மூலைகளிலும் மெதுவாக ஊற்றுங்கள். நீர் அடிவரை இறங்கிப் பக்கவாட்டில் பரவும். அடிப்பகுதி ஈரமாகவும் மேற்பரப்பு உலர்ந்தும் இருப்பதே நமக்கு வேண்டிய நிலை. சரியான அளவைக் கையே சொல்லும். அடியிலிருந்து ஒரு பிடி நார்த்தூளை அள்ளி அழுத்திப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு துளிர்த்து, கையைத் திறக்கும்போது உருண்டை உடையாமல் நின்றால் சரி. நீர் ஒழுகினால் மிகுதி. உருண்டை உதிர்ந்தால் போதவில்லை. வாரம் ஒருமுறை கையால் கிளறி விடுங்கள். புதிதாகப் போட்ட பட்டையில் வெள்ளைப் பூசணம் தோன்றினால் அந்த இடத்தை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டுக் கிளறினால் போதும். மண்ணில் வாழும் வால்துள்ளிப் பூச்சிகளைத் தொட்டியில் குடியேற்றிவிட்டால் பூசணத்தை அவையே தின்று தீர்க்கும்.

மூடிய பெட்டி வைக்க வசதியில்லாதவர்களும், திறந்த மேசைக் கூண்டில் வளர்ப்பவர்களும் ஈர மறைவிடம் ஒன்றைச் செய்துவையுங்கள். ஆமை தாராளமாகத் திரும்பக்கூடிய அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, பக்கத்தில் வாசல் வெட்டி, வெட்டிய விளிம்பை மழுக்கி, உள்ளே ஈரமான நார்த்தூளோ ஸ்பாக்னம் பாசியோ நிரப்புங்கள். ஆமை பாசியைத் தின்ன முற்பட்டால் நார்த்தூளே நல்லது. கூண்டின் மற்ற பகுதி 40 சதவீதத்தில் இருந்தாலும் இந்த டப்பாவுக்குள் 80 சதவீதம் நிற்கும். வளையின் வேலையை இது செய்கிறது. ஆமை இரவு முழுவதும் அதற்குள் தூங்கினால் நாளில் பாதி நேரம் ஈரத்தில் இருந்ததாக ஆகிறது. டப்பாவை வெப்பமான பக்கத்தில் வையுங்கள். குளிர்ந்த மூலையில் வைத்த ஈர டப்பா நோய்க்கூடு.

வெப்பமும் ஈரமும் சேர்ந்தே இருக்க வேண்டும். இதில் மட்டும் சமரசம் கிடையாது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் ஆமையின் நுரையீரல் தாங்காது. மூடிய பெட்டியில் 80 சதவீத ஈரப்பதம் வைத்திருந்தால் சுல்காட்டா, சிறுத்தை ஆமை, நட்சத்திர ஆமைக் குஞ்சுகளுக்கு இரவிலும் வெப்பநிலை 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. இரவு வெப்பத்துக்கு ஒளி தராத செராமிக் வெப்பக்கருவியோ வெப்பப் பலகையோ போதும். வெயில் காயும் இடத்துக்கு மட்டும் பகலில் 35 டிகிரிக்கு மேல் தரும் விளக்கு இருக்கட்டும். ஒரு குறுகிய புள்ளியில் குவியும் விளக்கு, ஓட்டின் உச்சியை மட்டும் சுட்டுக் காயவைக்கும். விரிந்து பரவும் விளக்கை உயரத்தில் மாட்டினால் ஆமையின் முழு முதுகும் சமமாகச் சூடாகும்.

எல்லா இனத்துக்கும் ஒரே அளவு பொருந்தாது. மழைக்காட்டு ஓரங்களிலும் ஈரப் புல்வெளிகளிலும் வாழும் செங்கால் ஆமைக்கு ஆண்டு முழுவதும், வளர்ந்த பிறகும், 70 முதல் 80 சதவீதம் வேண்டும். சுல்காட்டா, சிறுத்தை, நட்சத்திர ஆமைகளுக்குக் குஞ்சுப் பருவத்தில் 80 சதவீதம். வளர வளரத் தேவை குறையும். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில், நட்சத்திர ஆமை 2019-இல் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. உரிய ஆவணம் இல்லாத ஆமையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது பெரும்பாலும் காட்டிலிருந்து திருடப்பட்டதாகவே இருக்கும். ஹெர்மன் ஆமை, ரஷ்ய ஆமை போன்றவற்றை முழுவதும் மூடிய ஈரப்பெட்டியில் அடைக்க வேண்டியதில்லை. 40 முதல் 60 சதவீதக் காற்றும், ஈர மறைவிடமும், தோண்டிப் புதைய ஆழமான தரையும் இருந்தால் அவை நன்றாகவே வளரும்.

இவ்வளவும் செய்துவிட்டு அளவுகருவியில் ஏமாந்துபோகாதீர்கள். முள் வைத்த மலிவான ஈரப்பதமானிகள் 15, 20 சதவீதம் தவறாகக் காட்டுவதுண்டு. டிஜிட்டல் கருவியையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஒரு புட்டி மூடியில் சமையல் உப்பை நிரப்பி, கரையாமல் ஈரமணல் போலக் குழையும் அளவுக்குச் சில துளி நீர் விடுங்கள். அதையும் கருவியையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி, ஓர் இரவு அப்படியே விடுங்கள். ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவீதத்தில் நிறுத்தும். காலையில் கருவி 68 காட்டினால் ஏழு குறைத்துக் காட்டுகிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள். தொட்டியில் அதை ஆமையின் முதுகு உயரத்தில், விளக்குக்குத் தொலைவில் பொருத்துங்கள். மூடிக்கு அருகில் தொங்கும் கருவி ஆமை சுவாசிக்கும் காற்றைப் பற்றி எதுவும் சொல்லாது.

காற்றில் உள்ள ஈரம் ஆமையின் தாகத்தைத் தீர்க்காது. வறண்ட மாதங்களில் குஞ்சுகளைத் தினமும், வளர்ந்தவற்றை வாரம் ஒன்றிரண்டு முறை வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் உட்காரவையுங்கள். மேலோடும் வயிற்றோடும் சேரும் கோடு வரை நீர் இருக்கலாம். தலை எப்போதும் மேலே நிற்க வேண்டும். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு ஆமை கழுத்தை நீட்டி, மூக்கை நீருக்குள் இறக்கி, தொண்டை மெல்ல ஏறி இறங்கக் குடிப்பதைப் பார்ப்பீர்கள். அப்போது கையை ஆட்டாதீர்கள், குடித்து முடிக்கட்டும். தொட்டிக்குள்ளும் மண்தட்டு ஒன்றைத் தரையோடு தரையாகப் புதைத்து நீர் வையுங்கள். உயர்ந்த விளிம்புள்ள கிண்ணத்தில் குஞ்சு கவிழ்ந்தால் மூழ்கிவிடும்.

குளியல் நீரில் வெளியேறும் வெண்மையான கழிவை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். பற்பசை போல வழவழப்பாக இருந்தால் உடம்பில் நீர் போதுமான அளவு இருக்கிறது. மணல் போல நறநறத்தால் நீர் குறைந்துவிட்டது. குளியலை உடனே கூட்டுங்கள். இப்படியே மாதக்கணக்கில் விட்டால் அது சிறுநீர்ப்பையில் கல்லாக இறுகும். அதை எடுக்கப் பெரும்பாலும் அறுவைசிகிச்சைதான் வழி.

பனிமூட்டம் கக்கும் அல்ட்ராசானிக் கருவிகளைக் கேட்டு எழுதுபவர்கள் ஏராளம். தொட்டிக்குள் அதை விட எனக்கு மனம் வருவதில்லை. அந்தக் கருவியின் நீர்க்கலத்தில் வளரும் கிருமிகளும் நீரிலுள்ள உப்பும் நுண்துளிகளாக ஆமையின் மூச்சில் போகின்றன, காற்றும் குளிர்கிறது. வேண்டுமானால் அறைக்கு ஒரு ஈரமூட்டியை வைத்து அறையின் காற்றை 45, 50 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன் நீர்க்கலத்தைத் தினமும் காலி செய்து கழுவுங்கள்.

வெளியில் வளரும் பெரிய ஆமைகளுக்குக் கோடை வறட்சியில் நிழல், மாலையில் மண்ணை நனைத்துவைத்த ஒரு பள்ளம், இரவுக்கு ஈரமண் நிரப்பிய மரக்கூடு ஆகியவை போதும். பள்ளத்துச் சேற்றில் அவை தாமாகவே போய்ப் படுத்துக்கொள்ளும்.

மூக்கில் குமிழி வந்தால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், மூச்சில் சீழ்க்கைச் சத்தம் கேட்டால் முதலில் இரவு வெப்பநிலையைச் சரிபாருங்கள். அன்றே ஊர்வன பற்றித் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஆமையைத் தூக்கி வயிற்றோட்டைப் பாருங்கள். மென்மையான இடமோ, நாற்றமோ, இளஞ்சிவப்புத் திட்டோ தெரிந்தால் தரையின் மேற்பரப்பு அளவுக்கு மீறி நனைந்திருக்கிறது. அதற்கும் மருத்துவர் வேண்டும்.

இப்போது எழும்பியிருக்கும் மேடுகளைப் பற்றி. அவை மறையாது, எண்ணெய் தடவினாலும் மறையாது, தடவவும் வேண்டாம். ஆனால் ஒன்றரை வயதில் உங்கள் ஆமையின் ஓடு இன்னும் பலமடங்கு வளரப்போகிறது. இனி வரும் வளர்ச்சி சமமாக வந்தால் பழைய மேடுகள் பெரிய ஓட்டின் நடுவே சிறுத்துத் தெரியும். வறட்சியில் தொடங்கிய ஓட்டைத் திருப்புவது மெல்லத்தான் நடக்கும் என்பதால் முதல் மாதத்தில் மாற்றம் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். இன்றே பக்கவாட்டிலிருந்து, அருகில் ஒரு அளவுகோலை வைத்து, ஒரு படம் எடுத்துவையுங்கள். மாதம் ஒரு படம், அதே கோணத்தில், அதே வெளிச்சத்தில். தகடுகளுக்கு இடையிலுள்ள வெள்ளைக் கோடு அகன்றுகொண்டும், பள்ளத்துக்குள் மடங்காமல் மேற்பரப்போடு சமமாகவும் வருகிறதா என்று மட்டும் அந்தப் படங்களில் பாருங்கள்.